நாற்பத்து மூன்றாம் தாள்

தாளில் இன்னும் சிப்பி வாடை.
அடுக்களை மேசையில் விரித்தால்
வீடு முழுக்கத் தொங்யொங் துறைமுகம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள்,
ஆளுக்கு நான்கு பக்கம், ஐம்பத்தாறு கேள்வி.
இரவுப் பணி முடித்த கால்களை
இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்து
ஒவ்வொன்றாய்க் கணினியில் ஏற்றுகிறேன்.
ஒன்று என்றால் இல்லவே இல்லை.
ஐந்து என்றால் முற்றிலும் ஆம்.

சென்ற வாரம் எத்தனை நாள்
அரைமணி நேரமாவது நடந்தீர்கள்?
சிப்பி உடைக்கும் கொட்டகையில்
விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்றவர்கள்
பூஜ்யம் போட்டிருக்கிறார்கள்.
நிற்பது நடப்பதில் சேராது.
வழிகாட்டி நூல் அப்படித்தான் சொல்கிறது.

மன அழுத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்?
ஒருத்தி எழுதுகிறாள்: இன்னும் வேகமாய் உடைப்பேன்.
கூலி கிலோவுக்கு.
இதை எந்தக் கட்டத்தில் போட?
உடற்பயிற்சியா, தப்பித்தலா?
"இதர" என்று குறித்தேன்.
இதரவில் இப்போது தொண்ணூறு பேர்.

பிறகு நாற்பத்து மூன்று. வயது ஐம்பத்தெட்டு.
பெயர் தாளில் கிடையாது, இருக்கவும் கூடாது.
ஆனாலும் அவளே சொன்னாள்,
இரட்டைக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டே:
தோ ஒக்-பூன்.

இரண்டாம் பக்கத்தில்,
என் வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது: ஐந்து.
நான்காம் பக்கத்தில்,
இந்த வாழ்க்கை எனக்குச் சலித்துவிட்டது: ஐந்து.
படிக்காமல் கிறுக்கியவர்களைப் பிடிக்க
நாங்கள் வைத்த பொறிக் கேள்வி அது.
தலைகீழாய் எண்ண வேண்டும்.
அகப்பட்டவர்களை நீக்க வேண்டும்.

சனிக்கிழமை பேருந்து ஏறிப் போனேன்.
கொட்டகையில் வானொலி அலறியது.
ஓட்டுக் குவியல் என் தோளுக்கு மேலே.
தவறுதலாய்க் குறித்தீர்களா என்றேன்.
கத்தியை நிறுத்தவில்லை ஒக்-பூன்.
"முதல் ரெண்டு பக்கம் காலையில் எழுதினது.
கடைசி ரெண்டும் எடை போட்ட பிறகு.
முப்பத்தொரு கிலோ உடைச்சேன்,
தண்ணீர் கனம்னு மூணைக் கழிச்சான்.
ரெண்டும் சரிதான். ஏன்,
ஒரே நாளில் ரெண்டும் இருக்கக் கூடாதா?"

கத்தி நுனியில் ஒரு சிப்பியை ஏந்தி நீட்டினாள்.
பங்கேற்பாளரிடம் அன்பளிப்பு பெறலாகாது,
நெறிமுறைக் குழுவின் ஏழாவது விதி.
உப்பும் குளிருமாய்த் தொண்டையில் இறங்கியது.
இன்னொன்று நீட்டினாள்.

"மா நர்ஸ், இதெல்லாம் நீ நிரப்பினாயா?"
நான் கேட்பவள் என்றேன்.
சிரித்தாள். பக்கத்துப் பெண்ணும் சிரித்தாள்.
யாரோ வானொலியைக் குறைத்துவிட்டு
என்னவென்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

பேராசிரியர் சொன்னார்: நீக்கிவிடு,
இருநூற்றுப் பதினொன்று போதுமான எண்ணிக்கைதான்.
அவளோடு ஒருமுறை, அவளில்லாமல் ஒருமுறை
கணக்கை ஓட்டிப் பார்த்தேன்.
நம்பகத்தன்மையில் வித்தியாசம்
புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று.
எங்கள் தராசில் அவள் எடை அவ்வளவு.
தண்ணீர் கழித்ததா கழிக்காததா தெரியவில்லை.

அவளை விட்டுவைத்திருக்கிறேன், இரண்டு ஐந்துகளோடும்.
திங்கட்கிழமை பேராசிரியர் திறந்து பார்ப்பார்.

மணி ஆறு இருபது.
மேலே நகர்த்தினால் பன்னிரண்டாம் கேள்வி,
நானே வார்த்தை வார்த்தையாய்ச் செதுக்கியது:
கடந்த இரண்டு ஆண்டுகளில்
மார்பகப் பரிசோதனை செய்துகொண்டீர்களா?
ஒக்-பூன் ஆம் என்று குறித்திருக்கிறாள்.
குளிர்பதனப் பெட்டிக் கதவில், காந்தத்தின் கீழ்,
காப்பீட்டு அலுவலகக் கடிதம் மஞ்சளேறிக் கிடக்கிறது.
இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவர்களின் முறை அது.
அந்த ஆண்டு போய்விட்டது,
அடுத்ததும் பாதி போய்விட்டது.

தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.
ஒன்பது மணிக்கு முன்னால் அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள்.
அங்கேதான் வேலை செய்கிறேன்,
எனக்குத் தெரியும்.